அச்சுக்கோட்டை அழித்தல், காயத்தை வரைதல்: பொம்மைப் போர்வீரர்களின் உழைப்பு வரலாறு

1

விளையாட்டு என்றாலே நம் எழுத்துச் சூழலில் ஒரு இளக்காரம். ‘சின்னப்பசங்க சமாச்சாரம்’ என்று ஓரமாக ஒதுக்கிவிட்டு நாவல், சினிமா, தொலைக்காட்சி என்று ‘பெரிய’ பிரதிகளைத் தேடிப் போய்விடுகிறோம். ரோலான் பார்த் அப்படி ஒதுக்கவில்லை. 1957இல் வெளிவந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில் பொம்மைகளுக்கென்றே ஒரு கட்டுரை வைத்தார். பட்டாளம், தபாலாபீஸ், ஆஸ்பத்திரி என்று பெரியவர்களின் உலகம் அப்படியே சுருக்கப்பட்டுக் குழந்தையின் கையில் திணிக்கப்படுகிறது. குழந்தை அங்கே எதையும் படைப்பதில்லை, உடைமையாளனாக இருக்க மட்டும் பழகுகிறது என்பது அவர் வாதம்.

இந்த வாதத்துக்குள் முழுசாக அடங்காத ஒரு பொம்மையைப் பற்றி இங்கே பேசப்போகிறேன். போர்விளையாட்டு மேசையில் நிறுத்தப்படும் சின்னஞ்சிறு படைவீரன். உயரம் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர், சுண்டுவிரலில் பாதி. வாங்குகிறவர் குழந்தை இல்லை, மீசை வைத்த ஆள். வாங்கும்போது அது பொம்மையாகவும் இருக்காது. கை தனி, தலை தனி, துப்பாக்கி தனி என்று ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சாம்பல் நிறத் துண்டுகளாகக் கிடக்கும். கழுவி, சீவி, ஒட்டி, வண்ணம் தீட்டி அதை வீரனாக்குவது வாங்கியவரின் வேலை. உடைமையாளனே உழைப்பாளியாகவும் இருக்கிறான். அப்படியானால் பார்த் சொன்ன அந்நியமாதல் இங்கே உடைந்துவிட்டதா? அல்லது இன்னும் நுட்பமாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டதா? இதுதான் கேள்வி.

என் வாதத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இந்தப் பொம்மையைத் தயாரிக்கும் முறை இரண்டு நேரெதிர் செயல்களால் ஆனது. ஒன்று, அதைச் செய்த உழைப்பின் தடங்களை ஒன்றுவிடாமல் அழிப்பது. இரண்டு, நடக்காத ஒரு போரின் தடங்களை அதே இடத்தில் பொறுமையாக வரைவது. இருநூற்றைம்பது வருஷத்துப் பொம்மைப் பட்டாள வரலாறே இந்த இரண்டு செயல்களுக்குள் சுருங்கிக் கிடக்கிறது.

2

ரெசின் பொம்மை எப்படித் தயாராகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கிழக்கு லண்டனில் ஒரு ஈழத்து நண்பர் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது அவர் மகனோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஆகவே இது புத்தக அறிவு மட்டுமல்ல, விரல் நுனி அறிவும்கூட.

ரெசின் என்று பொதுவாகச் சொல்வது இரண்டு திரவங்கள் சேர்ந்து கெட்டியாகும் பாலியூரித்தேன். ஒரு திரவம் பாலியோல், இன்னொன்று ஐசோசயனேட். இரண்டையும் கலந்து சிலிகான் ரப்பர் அச்சுக்குள் ஊற்றினால் சில நிமிஷங்களில் இறுகிவிடும். உள்ளே காற்றுக் குமிழ் தங்காமலிருக்க அச்சை அழுத்தக் கலத்தில் வைப்பார்கள். வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர ஒரு வழுக்கும் பூச்சு உண்டு. அது பொம்மை மேலும் ஒட்டிக்கொண்டு வரும். எனவே முதல் வேலை, பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில், பழைய பல்தேய்ப்பு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது. கழுவாவிட்டால் வண்ணம் நிற்காது, உரிந்து வரும்.

அடுத்தது வெட்டுவது. ரெசின் ஊற்றிய வாய்க்கால் ஒரு தண்டுபோல நீட்டிக்கொண்டிருக்கும். அச்சின் இரண்டு பாதிகளுக்கு நடுவே கசிந்தது மெல்லிய சவ்வாக இருக்கும். இரண்டையும் நறுக்கி எடுக்கவேண்டும். அப்புறம்தான் முக்கியமானது: அச்சுக்கோடு. கொலு பொம்மையின் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள், முன்பாதியும் பின்பாதியும் சேர்ந்த இடம் லேசாகத் தட்டுப்படும். அதேதான் இது. தலைமுடியளவு மேடு, தோளிலிருந்து இடுப்பு வழியாகக் கணுக்கால்வரை ஓடும். கத்தியின் முதுகால் சுரண்டி, சின்ன அரத்தால் ராவி, உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து அதை இல்லாமல் ஆக்கவேண்டும். நனைப்பதற்குக் காரணம் உண்டு. ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரில் தேய்த்தால் தூள் பறக்காது, அதற்கு மேலும் முகமூடி போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.

குமிழ் வெடித்த குழிகளைப் பசை மண்ணால் அடைக்கவேண்டும். ஈட்டியோ வாளோ வளைந்து வந்திருந்தால் சூடான தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டால் இளகும். நேராக்கிப் பச்சைத் தண்ணீரில் முக்கினால் அப்படியே நிற்கும். ரெசினை சாதாரண பிளாஸ்டிக் பசை கரைக்காது என்பதால் சூப்பர் குளூதான். கனமான கையாக இருந்தால் இரண்டு பக்கமும் துளை போட்டு நடுவில் கம்பி சொருகி ஒட்டவேண்டும். எல்லாம் முடிந்து பிரைமர் அடித்ததும், ஒரே நிறத்தில், தையல் இல்லாமல், யாரும் செய்யாமல் தானே முளைத்ததுபோல ஒரு உடல் நிற்கும்.

இனி இரண்டாம் பாதி. தண்ணீராக இளக்கிய வண்ணத்தை இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுக்கவேண்டும். ஒரே தடிப் பூச்சு முகத்தின் நுணுக்கத்தை மூடிவிடும். பள்ளங்களில் கருநிற நீர்வண்ணத்தை ஓடவிட்டால் நிழல் வரும். பிரஷ்ஷைக் கிட்டத்தட்டக் காயவைத்து மேடுகளில் உரசினால் வெளிச்சம் வரும். இதோடு நிறுத்திவிடுவார்களா என்றால், இல்லை. கிழிந்த பஞ்சில் பழுப்பு வண்ணம் தொட்டு ஒற்றிக் கவசத்தில் பெயின்ட் உரிந்ததுபோலக் காட்டவேண்டும். துருவுக்கு ஆரஞ்சுத் தூள். பூட்ஸில் சேறு. துளைக்கருவியால் மார்பில் ஒரு குண்டுத் துளை. முகத்தில் மூன்று நாள் தாடி, கன்னத்தில் ஆறிய வெட்டுத்தழும்பு. இப்படிப் பழசாக்குவது இந்தக் கலையில் தனிப்பாடம்.

இரண்டு மணி நேரம் சுரண்டி நிஜமான தழும்பை எடுத்தோம். அப்புறம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பொய்யான தழும்பை வரைந்தோம். அச்சுக்கோடு என்பது இந்தப் பொருளுக்கு உண்மையிலேயே நேர்ந்த ஒரே சம்பவம்: யாரோ ஒருவர் எங்கோ இரண்டு பாதிகளை மூடி ஊற்றித் திறந்தார். அது ‘குறை’. குண்டுத் துளை நேரவே இல்லை. அது ‘அழகு’.

3

சரி, இந்த வீரன் எங்கிருந்து வந்தான்? அவனுக்கு இரண்டு பரம்பரைகள் உண்டு. இரண்டும் ரொம்ப நாள் சந்திக்கவே இல்லை.

முதலாவது கணக்கின் பரம்பரை. யானை, குதிரை, தேர், காலாள் என்று நான்கு உறுப்புகள் கொண்ட சதுரங்கம் இங்கிருந்து பாரசீகம் வழியாக ஐரோப்பா போய், 1780இல் பிரன்ஸ்விக் நகரத்து ஹெல்விக் கையில் 1600க்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட போர்ப்பலகையாக விரிந்தது. 1812இல் பிரஷ்ய அரசனுக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு மேசையைக் கொண்டுபோய்க் காட்டினார். அதில் கட்டங்களே இல்லை. மலையும் ஆறும் துண்டு துண்டாக வார்க்கப்பட்டு விரும்பியபடி அடுக்கும்படி இருந்தன. அவர் மகன், பீரங்கிப் படை அதிகாரி, 1824இல் அதைக் காகித வரைபடத்துக்கு மாற்றி, பகடை, நடுவர், சேத அட்டவணை எல்லாம் சேர்த்துக் ‘கிரீக்ஸ்ஸ்பீல்’ என்று வெளியிட்டார். படைத் தலைமை அதை அதிகாரிகளுக்கான பயிற்சியாக ஏற்றுக்கொண்டது. 1870-71இல் பிரஷ்யா பிரான்ஸை வென்றதும் மற்ற ராணுவங்களும் ஓடிவந்து கற்றுக்கொண்டன.

இந்த விளையாட்டில் வீரர்களுக்கு முகம் கிடையாது. சிவப்பு, நீலக் கட்டைகள். ஒரு கட்டை ஒரு பட்டாளம். நிஜமாகக் கொல்லப்போகிறவனுக்கு முகம் தேவையில்லை, எண்ணிக்கை போதும். இது யோசிக்கவேண்டிய விஷயம்.

இரண்டாவது முகத்தின் பரம்பரை. நூரம்பர்க். 1770களில் அங்கே ஹில்பர்ட் என்ற தகர வார்ப்பாளர் பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரடெரிக்கையும் அவன் சிப்பாய்களையும் தட்டையான உருவங்களாக வார்த்து விற்கத் தொடங்கினார். வால்டர் பெஞ்சமின் 1928இல் பொம்மைகள் பற்றி எழுதியபோது சுட்டிக்காட்டிய விஷயம் ஒன்று: பொம்மை முதலில் பொம்மைத் தொழிற்சாலையில் பிறக்கவில்லை, மரம் செதுக்குகிறவர், தகரம் வார்க்கிறவர் போன்ற கைவினைஞர்களின் பட்டறையில் உபரிப் பொருளாகப் பிறந்தது. தகரப் பட்டாளத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது.

காலப் பொருத்தத்தையும் கவனியுங்கள். மிஷல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட ‘கண்காணிப்பும் தண்டனையும்’ நூலில் சொல்வது இது: பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிப்பாய் என்பவன் தோரணையிலேயே அடையாளம் தெரிகிற, அப்படிப் பிறந்த ஆள், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவன் ‘செய்யப்படுகிற’ பொருளாகிவிட்டான். உருவமற்ற களிமண்ணிலிருந்து, குடியானவனின் உடலிலிருந்து, பிடித்துப் பிசைந்து ஒரு யந்திரம் உண்டாக்கப்பட்டது. அந்தப் பிசைதலுக்குப் பேர்போனது பிரடெரிக்கின் பிரஷ்யா. மைதானத்தில் உடல் அச்சில் வார்க்கப்பட்ட அதே காலத்தில்தான் பட்டறையில் தகரமும் வார்க்கப்பட்டது. இரண்டும் ஒரே கதையாடலின் இரண்டு பக்கங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தட்டை வீரர்களுக்கான அச்சு பலகைக்கல்லில் செதுக்கப்பட்டது. 1839இல் தொடங்கிய ஹைன்ரிக்சன் நிறுவனம் பிற்பாடு 30 மில்லிமீட்டர் அளவை நிலைநிறுத்தியது. வீரர்கள் எண்ணிக்கையில் அல்ல, எடை போட்டு விற்கப்பட்டார்கள்: அரை ராத்தல் குதிரைப்படை, ஒரு ராத்தல் காலாட்படை. செதுக்கியவரின் முதலெழுத்து சில சமயம் அடித்தட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். வண்ணம் பூசியவரின் எழுத்து எங்கும் இல்லை. பூசியவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வீட்டிலேயே உட்கார்ந்து துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் செய்தவர்கள். நம்மூர் பீடி சுற்றுகிற, தீப்பெட்டி ஒட்டுகிற வீடுகளை நினைத்துக்கொண்டால் போதும்.

1838இல் ஹான்ஸ் ஆண்டர்சன் எழுதிய தகரச் சிப்பாய் கதை உலகத்துக்கே தெரியும். ஒரு பழைய தகரக் கரண்டியிலிருந்து வார்த்த இருபத்தைந்து பேரில் கடைசி ஆளுக்குத் தகரம் போதவில்லை, ஒற்றைக்காலோடு நிற்கிறான். கதை அவனுக்குத்தான், மற்ற இருபத்திநாலு பேரும் ஒரே அச்சு, பேசுவதற்கு ஒன்றுமில்லை. வார்ப்பின் குறை, அதாவது வேலையின் தடம், எவன் மேல் தங்கிவிட்டதோ அவனுக்கு மட்டும் வரலாறு உண்டு. இன்றைய ரெசின் வாடிக்கையாளர் அப்படி ஒருத்தன் பெட்டியில் வந்தால் உடனே திருப்பி அனுப்பி மாற்று கேட்பார்.

4

1893இல் லண்டனில் பிரிட்டன் குடும்பத்தார் ஒரு உத்தி கண்டார்கள். உருக்கிய ஈயக்கலவையை அச்சில் ஊற்றி, வெளித்தோல் மட்டும் இறுகியதும் உள்ளே இருக்கிற திரவத்தை வெளியே கொட்டிவிடுவது. மிஞ்சுவது கூடு. ஈயம் மிச்சம், எடை குறைவு, விலை மலிவு. ஜெர்மன் திட வார்ப்புகள் இங்கிலாந்துச் சந்தையில் அடிவாங்கின. உள்ளீடு இல்லாத வீரன் உலகத்தை வென்றான் என்று சொன்னால் உருவகம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நடந்தது அதுதான்.

வட லண்டன் தொழிற்சாலையில் வண்ணம் பூசியவர்களும் பெண்கள்தான். சிலர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூசினார்கள். சிவப்புக் கோட்டு ஒருத்தி, கறுப்பு பூட்ஸ் ஒருத்தி, முகத்துச் சிவப்புப் பொட்டு ஒருத்தி என்று வேலை துண்டுபட்டது. பெட்டிகளில் சாம்ராஜ்யத்தின் பட்டாளங்கள் வரிசையாக வந்தன. வங்காள லான்சர்கள் உண்டு. ‘மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி’ என்று நம் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களுக்கும் ஒரு பெட்டி உண்டு. வேலூரில் 1806இல் கலகம் செய்தது இந்த மெட்ராஸ் ராணுவம்தான். தலைப்பாகை மாற்றத்தையும், சாதி, மத அடையாளங்களை அழிக்கச் சொன்னதையும் எதிர்த்துத் துப்பாக்கியைத் திருப்பிய அந்த உடல்கள், தொண்ணூறு வருஷத்துக்குள் லண்டன் பையன்களின் படுக்கையறையில் அட்டைப்பெட்டிக்குள் கயிறு கட்டி, ஒரே தலைப்பாகையோடு, ஒரே நிறத்தில் நின்றன. கலகத்தின் தடமும் ஒருவகை அச்சுக்கோடுதான். ராவித் தள்ளப்பட்டது.

இரண்டு பரம்பரைகளையும் எல்லாருக்கும் தெரியும்படி முடிச்சுப்போட்டவர் எச்.ஜி. வெல்ஸ். 1913இல் வந்த அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’ பிரிட்டன் கம்பெனியின் ஈய வீரர்களையும், சின்ன மரக்குச்சியைச் சுடுகிற சுருள்வில் பீரங்கியையும் வைத்துத் தரையில் ஆடுவதற்கான விதிநூல். முகம் கணக்கோடு சேர்ந்தது இங்கேதான். வெல்ஸின் நியாயம் சமாதானவாதம்: இந்தச் சின்ன யுத்தத்தை ஆடிப் பார்த்தவனுக்குப் பெரிய யுத்தம் எவ்வளவு மூடத்தனம், கையை மீறியது என்று புரிந்துவிடும். நல்ல வாதம். அடுத்த வருஷம், 1914இல், நிஜமான பெரிய யுத்தம் வந்தது. அதே வெல்ஸ் ‘போரை முடிக்கும் போர்’ என்று புத்தகம் போட்டு அதை ஆதரித்தார். தனிமனிதரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. விளையாட்டு போரைத் தூண்டுகிறது என்று எளிமையாகச் சொல்லிவிடுவதும் தப்பு, போரைத் தடுக்கிறது என்பதும் தப்பு. அது செய்வது வேறு: போரை உழைப்பிலிருந்தும் உடலிலிருந்தும் கழற்றி, பார்க்கத்தக்க ஒன்றாக மேசைமேல் நிறுத்துகிறது.

5

1966இல் இங்கிலாந்தில் பொம்மைகளின் ஈயத்துக்கு எதிரான பாதுகாப்பு விதிகள் வந்தன. ஏறிய கூலியும் சேர்ந்து அழுத்தியதில் கூடு வார்ப்பு ஈயவீரன் தொழில் முடிவுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1950களில் கலிபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி போன்றவர்கள் போர்விளையாட்டுக்கென்றே சிறிய உருவங்களை வார்த்து விற்றார்கள். டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ 1962இல் வந்து ஆட்டக்காரர் கூட்டத்தைப் பெருக்கியது. இவர்களுக்குத் தேவை நூற்றுக்கணக்கான வீரர்கள். வண்ணம் பூசி விற்றால் யாராலும் வாங்க முடியாது. ஆகவே பூசாமல், வெறும் உலோகமாக விற்றார்கள். பூசுவது உன் பாடு.

இதை உற்றுப் பாருங்கள். செலவில் பெரும் பங்கு வண்ணம் பூசும் கூலி. அந்தக் கூலியைக் கணக்கிலிருந்து எடுத்து வாடிக்கையாளனின் மாலை நேரத்தில் போட்டுவிட்டார்கள். நூரம்பர்க் வீட்டுப் பெண்ணின் வேலை, ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்து ஆணின் ‘ஹாபி’ ஆனது. சம்பளம் போனது, பெயர் வந்தது. எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத கையெழுத்து, பரிசு, பாராட்டு எல்லாம் இப்போது வண்ணக்காரருக்குக் கிடைத்தன. வேலை அதே வேலை. செய்கிறவரின் வர்க்கமும் பாலும் மாறியதும் அது கலையாகிவிட்டது.

1975இல் லண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப், எழுபதுகளின் முடிவில் சிடடெல் என்ற வார்ப்புக் கம்பெனியோடு கைகோத்து, 1983இல் ‘வார்ஹாமர்’, 1987இல் ‘வார்ஹாமர் 40,000’ என்று கற்பனை யுத்தங்களை வெளியிட்டது. வீரனை மட்டுமல்ல, பிரஷ்ஷையும் வண்ணத்தையும் பசையையும் எப்படிப் பூசுவது என்ற பாடத்தையும் அதுவே விற்றது. 2024 டிசம்பரில் அது லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளின் குறியீட்டுக்குள் நுழைந்தது. வாங்கியவரே முடிக்கவேண்டிய பண்டம் ஒன்று இந்த உயரத்துக்குப் போனது சாதாரண விஷயமில்லை.

‘ஏமாற்று வேலை’ என்று நாம் உடனே தீர்ப்பு எழுதிவிடக்கூடாது. நண்பரின் மகன் ஒரு கிழமை முழுக்க ஒரே உருவத்தோடு உட்கார்ந்திருந்தான். கண்ணில் கருவிழி வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஆபீஸில் நாள் முழுக்கத் தன்னுடையது இல்லாத வேலையைச் செய்கிறவனுக்கு, தொடக்கமும் முடிவும் தன் கையிலிருக்கிற ஒரு வேலை. வில்லியம் மாரிஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேட்ட வேலையின் இன்பம் கடைசியில் இப்படித்தான், சம்பளமில்லாத நேரத்தில், காசு கொடுத்து வாங்கக் கிடைக்கிறது. நண்பர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “காசு குடுத்து வேலை வாங்கிறது எண்டு கேள்விப்பட்டிருப்பியள் அண்ணை. இவன் காசு குடுத்து வேலை செய்யிறான்.”

கைவேலையைச் சாதியோடு கட்டிப்போட்டு, மண்ணைத் தொட்டவன், தோலைத் தொட்டவன், உலோகத்தை உருக்கியவன் என்று தரம் பிரித்த சமூகத்திலிருந்து வருகிற நமக்கு இது இன்னும் கூர்மையாகப் படவேண்டும். பிறப்பால் செய்தால் இழிவு, பொழுதுபோக்காகச் செய்தால் பெருமை. கை அதே கைதான்.

6

உலோகம் கனம். பெரிய டிராகன், பெரிய யந்திரம் எல்லாம் உலோகத்தில் செய்தால் தூக்க முடியாது, விலையும் எகிறும். பிளாஸ்டிக்குக்கு எஃகு அச்சு வேண்டும். அதற்குப் பெருமுதல் வேண்டும். நடுவில் வந்தது ரெசின். சிலிகான் அச்சை ஒரு வீட்டுக் கொட்டகையில் செய்துவிடலாம். சில பத்து வார்ப்புகளில் அது கிழிந்துபோகும், திரும்பச் செய்துகொள்ளலாம். 1980களில் ஜப்பானில் ரசிகர்கள் இப்படிக் கொட்டகைகளில் வார்த்து விற்ற உருவங்களுக்குப் பெயரே ‘கராஜ் கிட்’. பெரிய கம்பெனி தொடாத சின்ன எண்ணிக்கைகளுக்கு ரெசின் ஒரு ஜனநாயகத்தைக் கொடுத்தது என்பது உண்மை. பிற்பாடு பெரிய கம்பெனியும் வந்தது. கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் ஃபோர்ஜ் வேர்ல்ட் பிரிவு 1990களின் இறுதியிலிருந்து விலையுயர்ந்த ரெசின் உருவங்களை விற்றது. 2011இல் உலோக வார்ப்புகள் பலவற்றையும் ‘ஃபைன்காஸ்ட்’ என்று ரெசினுக்கு மாற்றியபோது குமிழ்க் குழிகள் பற்றி வாடிக்கையாளர்கள் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கூச்சலில் கேட்காத குரல் ஒன்று உண்டு. ஐசோசயனேட் என்று மேலே சொன்னேனே, அந்தச் சொல் நம் காதுக்குப் புதுசு இல்லை. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். பாலியூரித்தேனில் சேர்வது அதே குடும்பத்தின் வேறு உறுப்பு. அதுபோலச் சட்டென்று ஆவியாகிக் கொல்வதில்லை, இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்தக்கூடாது. ஆனால் அதோடு நாள்தோறும் புழங்குகிறவர்களுக்கு ஆஸ்துமா வரும் என்பது தொழில் மருத்துவத்தில் நன்றாக நிறுவப்பட்டது. ஒருமுறை உடல் ஒவ்வாமையாகிவிட்டால் மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும். இறுகிய பொம்மையை வாங்குகிறவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவருக்கு எச்சரிக்கப்படுவது தூள் மட்டும். திரவத்தின் ஆபத்து ஊற்றுகிறவருக்கு. பண்டம் இறுகும்போது அதன் அபாயமும் பின்னால் நின்றுவிடுகிறது; நம்மிடம் வருவது சுத்தமான, மணமில்லாத மிச்சம்.

2018-19 வாக்கில் ஒளியால் இறுகும் ரெசினில் உருவத்தை அடுக்கடுக்காக எழுப்பும் அச்சு யந்திரம் சாதாரண வீட்டு விலைக்கு வந்தது. இப்போது பலர் கோப்பை மட்டும் வாங்கி வீட்டிலேயே அச்சிடுகிறார்கள். அச்சும் இல்லை, அச்சுக்கோடும் இல்லை. பதிலுக்குத் தாங்குதண்டுகளின் புள்ளித் தடங்களும், அடுக்குகளின் மெல்லிய வரிகளும் வந்திருக்கின்றன. அவற்றையும் ராவித்தான் எடுக்கிறார்கள். இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை, கையுறை வேண்டும், ஆல்கஹாலில் கழுவவேண்டும். ஊற்றுகிறவரின் அபாயமும் இப்போது ஹாபிக்காரரின் வீட்டுக்கே வந்துவிட்டது. 1950களில் வண்ணக்கூலி போன வழியிலேயே இப்போது வார்ப்புக்கூலியும் போகிறது.

7

கடைசியாக நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற ஒரு விஷயம். எல்லா வாடிக்கையாளருக்கும் மாலை நேரம் இருப்பதில்லை. பட்டாளமும் வேண்டும், பூசவும் முடியாது என்கிறவர்களுக்காகக் கூலிக்கு வண்ணம் தீட்டிக் கொடுக்கும் சேவைகள் உண்டு. அவற்றில் இலங்கையிலிருந்து இயங்குகிறவை மேற்கத்திய போர்விளையாட்டுக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்தவை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாங்கிய வெற்றுருவங்கள் பார்சலில் இலங்கைக்குப் போகும். அங்கே சுத்தம் செய்து, ஒட்டி, தர அடுக்குக்கேற்ற விலையில் பூசித் திரும்பி வரும். மேசையில் தூரத்திலிருந்து பார்க்க ஒரு தரம், அலமாரியில் பக்கத்திலிருந்து பார்க்க ஒரு தரம்.

வட்டம் முழுசாகிவிட்டது. நூரம்பர்க் வீட்டில் தொடங்கிய துண்டுக்கூலி, லண்டன் தொழிற்சாலை வழியாக, வெள்ளைக்கார ஆணின் ஹாபியாகி, மறுபடியும் துண்டுக்கூலியாக முன்னாள் காலனியில் வந்து இறங்கியிருக்கிறது. ஒரே பிரஷ் வீச்சு லெஸ்டரில் ஓய்வு, இலங்கையில் வேலை. தீட்டப்படுகிறவற்றில் நெப்போலியன் காலத்துப் படைகளும் உண்டு, காலனியப் போர்ப் படைகளும் உண்டு. ஜூலு யுத்தம், சூடான், இந்தியாவின் 1857 எல்லாம் போர்விளையாட்டில் தனிப் பிரிவு. அவற்றுக்கென்றே 1979இல் வந்த அமெரிக்க விதிநூல் ஒன்று இன்றைக்கும் ஆடப்படுகிறது.

இதில் என்னைத் தொந்தரவு செய்வது காலம். 1983 முதல் 2009 வரை அந்தத் தீவில் நிஜமான யுத்தம் நடந்தது. கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையே இன்றுவரை தகராறு; காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தல்களில் புகைப்படங்களோடு உட்கார்ந்தார்கள். அந்த நாட்டில் ஒரு அறையில் ஒருத்தர் குனிந்து உட்கார்ந்து, ஒரு பொம்மையின் கன்னத்தில் அழகான வெட்டுத்தழும்பை வரைந்துகொண்டிருக்கிறார். அவர் எந்த இனம், எந்த ஊர் என்பதல்ல விஷயம். நிஜத் தழும்புகளுக்குச் சாட்சி சொல்ல அனுமதியில்லாத மண்ணிலிருந்து கற்பனைத் தழும்புகள் ஏற்றுமதியாகின்றன என்பதுதான் விஷயம்.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அண்ணை, அந்தப் பொடியனுக்கு அது சாப்பாடு. அதைப் பிழையெண்டு சொல்லிப்போடாதேங்கோ. என்ர பெடியன் செய்தா அதுக்குப் பேர் கலை, அவன் செய்தா ஓடர். அதை மட்டும் எழுதுங்கோ.” இந்தக் கட்டுரையில் நான் எழுதியதைவிடச் சுருக்கமாக அவர் சொல்லிவிட்டார்.

பொம்மைப் பட்டாளத்தைத் தடை செய்யச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. செய்கிற வேலையில் இன்பம் இருக்கிறது, அந்த இன்பம் எல்லா உழைப்பிலும் இருக்கவேண்டியது. நான் கேட்பது இது: ராவி எறிந்த தூளில் யாருடைய வேலை இருந்தது என்று கேட்கிற ஒரு வாசிப்பு. முகமில்லாத கட்டைகளைவிட முகம் தீட்டிய வீரன் மனிதத்தன்மை கூடியவன் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த முகத்தைத் தீட்டியவருக்கு முகம் இல்லையென்றால் அந்தத் தோற்றத்துக்கு என்ன அர்த்தம்? நூரம்பர்க் பெண்களின் பெயர்கள் போய்விட்டன. வட லண்டன் பெண்களிடமும் இனிப் பேச முடியாது. இலங்கையில் தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பேசுவார்கள். என்ன கூலி, எத்தனை மணி நேரம், கண்ணும் கழுத்தும் எப்படி இருக்கின்றன, 2009இல் அந்த மேசையில் எந்தப் படை இருந்தது என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதவேண்டும். கொழும்புப் பக்கத்து நண்பர்கள் யாராவது முன்வந்தால், இந்தக் கட்டுரையைவிட அது பயனுள்ளதாக இருக்கும்.